செபமாலையில் ஒளியின் மறையுண்மைகள்: சேர்த்தது தகுமா?

நூற்றைம்பது மணி:
திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002 அக்டோபர் 16 அன்று வெளியிட்ட திருத்தூது மடலில், மணிகளை எண்ணி மரியாவை நோக்கிச் சொல்லும் செபமாலையுடன், ஒளியின் மறையுண்மைகள் (தியானத்துக்கு உரிய இயேசுவின் வாழ்வு நிகழ்வுகள்) ஐந்தைச் சேர்த்தார். அவர்மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இதை ஏற்க மனம் ஒப்பவில்லை. விவிலியத்தின் 150 திருப்பாடல்களை வாசிக்க இயலாத எளிய மக்கள், அவற்றுக்கு ஈடாக 150 முறை, மரியாவை வாழ்த்தும் மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லிவந்தார்கள். மகிழ்ச்சி, துயரம், மகிமை என்ற 15 மறையுண்மைகளும், ஒவ்வொன்றுக்கும் பத்து முறை என, அந்த எண்ணைக் காத்துவந்தன. 1569-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் இப்பக்திமுயற்சிக்கு ஒப்புதல் அளித்தபோது இந்தத் தொடர்பையே எடுத்துரைத்தார். மறையுண்மைகளை இருபதாக்கினால் அந்த எண் 200 ஆகிறது. திருப்பாடல்களோடு இருந்த உறவு அறுந்துவிடுகிறது.

கானாவூர் விருந்தாளி:
எண்ணுக்குள்ள பெருமையை நான் மறுக்கவில்லை, சகோதரரே. ஆனால் பழைய வரிசையை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். மகிழ்ச்சியின் இறுதி மறையுண்மையில் இயேசு பன்னிரண்டு வயதுச் சிறுவனாகக் கோவிலில் காணப்படுகிறார். அடுத்த மணியிலேயே, சாவுக்கு முந்தின இரவில், கெத்சமனித் தோட்டத்தில் இரத்த வியர்வை வியர்க்கிறார். யோர்தானில் பெற்ற திருமுழுக்கு, கானாவூர்த் திருமணம், இறையாட்சியின் அறிவிப்பு, தோற்றமாற்றம், நற்கருணையை ஏற்படுத்தியது ஆகிய, இப்போது ஒளியின் மறையுண்மைகளாகச் சேர்ந்த ஐந்தில் எதற்கும் அங்கே இடமில்லை. நற்செய்தியின் சுருக்கம் என்று நாம் போற்றும் செபத்தில் அவருடைய பொதுவாழ்வு முழுவதும் விடுபட்டிருந்தது சிறு குறையா?

நூற்றைம்பது மணி:
செபமாலை அன்னையோடு சேர்ந்து தியானிப்பதற்கு உரியது. கானாவூரைத் தவிர மற்ற நான்கிலும் மரியா பின்னணியில்தான் இருக்கிறார் என்று அந்த மடலே ஒப்புக்கொள்கிறதே!

கானாவூர் விருந்தாளி:
அந்த அளவுகோலை வைத்தால் பழையவையும் தேறமாட்டா. கெத்சமனியிலும், கற்றூணில் கட்டி அடிக்கப்பட்டபோதும், முள்முடி சூட்டப்பட்டபோதும் அன்னை அங்கிருந்ததாக நற்செய்தியாளர் எவரும் எழுதவில்லை. யோவான் 19:25-இல்தான் சிலுவையருகே அவரைக் காண்கிறோம். அவர் கண்முன் நடந்தவற்றை மட்டும் அல்ல, அவர் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்த மகனின் வாழ்வையே நாம் தியானிக்கிறோம். கானாவூரில் அவர் பணியாளர்களிடம் சொன்ன “அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்” என்ற சொல், மற்ற நான்குக்கும் வாசலாக நிற்கிறது.

மெல்லச் சொல்வோம்:
இருவரும் பொறுத்தருள்க, எனக்கு எண்ணிக்கையைவிட வேகம்தான் கவலை தருகிறது. செபத்தை முன்நின்று சொல்பவர் “இயேசுவும் ஆசி பெற்றவரே” என்று முடிக்குமுன்பே மற்றவர்கள் “தூய மரியே” என்று தொடங்கிவிட்டால், அந்தத் திருப்பெயர் யார் காதிலும் விழுவதில்லை. தியானமில்லாத செபமாலை ஆன்மா இல்லாத உடல் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இல் எச்சரித்தார். இயேசுவின் பெயருக்குப் பின் அந்தந்த மறையுண்மையை நினைவூட்டும் சிறு தொடரைச் சேர்த்துச் சொல்லும் பழைய வழக்கத்தை மீண்டும் கைக்கொண்டால், பதினைந்தானாலும் இருபதானாலும் பலன் உண்டு.

நூற்றைம்பது மணி:
அதை முழுமனத்துடன் ஏற்கிறேன். துயர மறையுண்மைகளைக் குறித்துக் கானாவூர் விருந்தாளி சொன்னதற்கும் என்னிடம் மறுப்பில்லை. ஆனாலும் 150 என்ற கட்டமைப்பை விட்டுக்கொடுக்க மாட்டேன். புதிய ஐந்தும் தனியாரின், குழுக்களின் விருப்பத்திற்கே விடப்பட்டுள்ளன என்று அந்த மடல் தெளிவாகக் கூறுகிறது. ஆகவே, புதியவற்றுக்கென அம்மடல் பரிந்துரைத்த வியாழக்கிழமையில், பழைய முறைப்படி மகிழ்ச்சியின் மறையுண்மைகளைத் தொடங்கும் முதியவரை இடைமறித்துத் திருத்துவதையாவது நிறுத்துங்கள்.