புதுப்பிப்பு: மருத்துவமனைக் கொள்முதல், காத்திருப்புப் பட்டியல் குறித்த புகார் என்ன ஆனது?

நான் பணிபுரியும் அரசு மருத்துவமனையில் கையுறைகளை, டெண்டர் கட்டாயமாகும் தொகை வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி சிறு ஆர்டர்களாகப் பிரித்து வாங்குகிறார்கள், அறுவை சிகிச்சைப் பட்டியலில் சிலரை முன்னே நகர்த்துகிறார்கள், யாரிடம் முறையிடுவது என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டையும் தனித்தனிப் புகாராக்கி, செலவு விவகாரத்தை உள்தணிக்கைப் பிரிவுக்கு அனுப்பச் சொன்ன யோசனைதான் பலித்தது. யார் மீதும் பழி சுமத்தாமல் ஆர்டர் எண், தேதி, தொகை மட்டும் எழுதினேன். அடுத்தடுத்த எண்கள், ஒரே சப்ளையர், ஒரே வாரம். அந்த ஒரு தாளே போதுமானதாக இருந்தது. பிரித்து வாங்கியது உறுதியாகி, இப்போது ஒரே டெண்டராக அழைத்திருக்கிறார்கள்.

பெயரைக் கொடுத்து, அதை ரகசியமாக வைக்கக் கோரியதும் நல்லதாயிற்று. தணிக்கையாளர்கள் பலமுறை விளக்கம் கேட்டார்கள். மொட்டைக் கடிதமாக இருந்திருந்தால் யாரிடம் கேட்பார்கள்? முறைகேடுகளைப் புகாரளிப்பவர்களைப் பாதுகாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 உத்தரவு, புகாருக்கு 7 நாட்களில் ஒப்புகையும் 3 மாதங்களுக்குள் பதிலும் கோருவதை ஒருவர் சுட்டியிருந்தார். அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும் கடிதத்தில் முன்மாதிரியாகக் காட்டினேன். எழுத்துபூர்வ ஒப்புகை வந்தது.

எதிர்பாராதது பட்டியல் விவகாரம். முன்னே நகர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான மருத்துவ அவசரம் இருந்திருக்கிறது. காரணத்தைத்தான் யாரும் பதிவு செய்யவில்லை. இனி மருத்துவரின் கையெழுத்துடன் காரணம் எழுதியாக வேண்டும். காரணமே கிடைக்காத சிலரைப் பற்றிய விசாரணை தொடர்கிறது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: நோயாளிகளின் பதிவேட்டை நகலெடுக்காதீர்கள். அது எங்கே இருக்கிறது என்று குறிப்பிட்டாலே தணிக்கையாளர்கள் எடுத்துக்கொள்வார்கள்.