ஃபிரட்டர்னிட்டியில் சேரலாமா? முதல் செமஸ்டர் முடியட்டும்

அமெரிக்காவுக்குப் புதிதாகக் குடிவந்த பெற்றோர் பலர் செப்டம்பர் வந்தால் இதைக் கேட்கிறார்கள்: "மகனை ஃபிரட்டர்னிட்டி என்ற மாணவர் சங்கத்தில் சேரக் கூப்பிடுகிறார்களாம், விடலாமா?" விடலாம், ஆனால் முதல் செமஸ்டரில் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

முதுநிலைப் படிப்புக்கு வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது. கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்திருக்கும் இந்தச் சங்கங்கள் இளநிலை மாணவர்களுக்கானவை. ஆண்களுக்கு ஃபிரட்டர்னிட்டி, பெண்களுக்கு சொராரிட்டி. முதலில் ‘ரஷ்’ என்று விருந்தும் அறிமுகமும் நடக்கும். அவர்களுக்குப் பிடித்துப்போனால் ‘பிட்’ என்ற அழைப்பு வரும். பிறகு முழு உறுப்பினராகும் முன் சில வாரங்கள் ‘பிளெட்ஜ்’ என்ற சோதனைக் காலம். வம்பு பெரும்பாலும் அந்தச் சில வாரங்களில்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் படித்த என் அக்கா மகனுக்கு நள்ளிரவில் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. அக்காவோ மதுரையில். அவன் சங்கத்து மூத்த மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு மருத்துவமனையில் தங்கினார்கள். ஒருவர் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதித் தேர்வைத் தள்ளிவைக்க வைத்தார், இன்னொருவர் ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தார். சொந்தபந்தம் இல்லாத ஊரில் இதற்கு விலை இல்லை. கல்லூரி முடிந்தாலும் இந்த உறவு விடுவதில்லை. ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பா கப்பா ஆல்பா சொராரிட்டியில் சேர்ந்தவர். பல்லாண்டு கழித்து அவர் தேர்தலில் நின்றபோது அந்தச் சகோதரிகள் திரண்டு வந்தார்கள். யூனியன் கல்லூரிப் பொருளியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஃபிரட்டர்னிட்டியில் சேர்ந்தவர்களின் மதிப்பெண் சராசரி கால் புள்ளி அளவுக்குக் குறைகிறது, பிற்கால வருமானமோ சுமார் 36 சதவீதம் கூடுகிறது என்றது. ஒரே ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர்களை வைத்துச் செய்தது அது. அதை நம்பி மகனை அனுப்பிவிடாதீர்கள்.

இனி என் பயம். ராகிங் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், மறு ஆண்டே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்ததும் நமக்குத் தெரியும். இங்கே அதற்குப் பெயர் ‘ஹேசிங்’. அது வெள்ளைக்காரப் பையன்களின் குடிப்பழக்கத்தால் வருவது, நம் ஆசியப் பிள்ளைகள் சங்கத்தில் அப்படி நடக்காது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். நம்பாதீர்கள். 2013 டிசம்பரில், பை டெல்டா சை என்ற ஆசிய அமெரிக்கச் சங்கத்தில் சேர வந்த நியூயார்க் பரூக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவரைப் பென்சில்வேனியாவுக்கு அழைத்துப்போனார்கள். கண்ணைக் கட்டி, முதுகில் மணல் மூட்டையை ஏற்றி, உறைந்து கிடந்த தரையில் மறுபடி மறுபடி தள்ளி வீழ்த்தினார்கள். நினைவிழந்தவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல், அறிகுறிகளை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் பிழைக்கவில்லை.

அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறேன். இரண்டாம் செமஸ்டரிலோ இரண்டாம் ஆண்டிலோ சேர்வது இங்கே சாதாரணம். சில கல்லூரிகள் முதல் செமஸ்டரில் சேரவே விடுவதில்லை. அதற்குள் மகனுக்குச் சொந்தமாக நாலு நண்பர்கள் கிடைத்திருப்பார்கள். வேறு போக்கிடம் இருக்கிறவனுக்கு ‘முடியாது’ என்று சொல்வது எளிது. 2024 டிசம்பரில் கையெழுத்தான அமெரிக்க மத்தியச் சட்டத்தின்படி, ஹேசிங்கில் சிக்கிய சங்கங்களின் விவரத்தைக் கல்லூரிகள் இணையத்தில் வெளியிட வேண்டும். அதைத் தேடிப் படியுங்கள். சங்கத்தை விட்டு விலகிய ஒருவரையாவது கண்டுபிடித்துப் பேசச் சொல்லுங்கள், உறுப்பினர்கள் சொல்லாததை அவர் சொல்வார். கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். சந்தாவோடு நிற்காது, தேசிய அமைப்புக்கு ஒரு தொகை, சட்டைக்கு ஒன்று, ஆண்டு விருந்துக்கு ஒன்று என்று நீளும்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: 21 வயதுக்கு முன் மது சட்டவிரோதம். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே விசா ரத்தாகலாம்.

மகனிடம் இன்றே இதைச் சொல்லிவையுங்கள்: யாராவது மயங்கி விழுந்தால் 911 என்ற அவசர எண்ணை அழைக்க எந்த மூத்தவரின் அனுமதியும் வேண்டாம். குடித்திருந்தாலும் அழைக்கலாம், அப்படி உதவி கேட்பவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, எந்த நேரமானாலும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசு, அப்பா திட்டமாட்டார் என்றும் சொல்லுங்கள்.