புதுப்பிப்பு: தரங்கம்பாடி பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்தது, தீர்ந்தது

ஆடி மாதம் இங்கே கேட்டிருந்தேன்: எங்கள் வரலாற்றுக் கழகம் ஊரின் பழைய படங்களை வைத்திருக்கும் வீட்டில், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்துச் சாந்து உதிர்கிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நீர்புகா பெயிண்டை ஒரு மூலையில் மட்டும் அடித்துப் பார்த்தோம். இரண்டே வாரத்தில் கொப்பளித்து உரிந்தது. பலித்தது காரைக்குடி அண்ணன் சொன்ன வழி: முன்பு யாரோ பூசிய சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுங்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், சுண்ணாம்பு வெளியே விடும். கொத்திய சுவரில், நல்ல தண்ணீரில் நனைத்த காகிதக் கூழை அப்பி, காய்ந்ததும் உரித்தோம். உப்பு அதோடு வந்தது. நான்கு முறை செய்தோம். அப்புறம் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த சுண்ணாம்புச் சாந்து. மணல் ஆற்று மணலாகவே இருக்கட்டும், கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்.

எதிர்பாராத ஒன்று: சிமெண்டுக்குப் பின்னால் ஒரு மாடக்குழி இருந்தது. விளக்குப் புகையின் கரி அப்படியே படிந்திருந்தது. தொட்ட கொத்தனார் விரலைக் காட்டினார், கருப்பு. அதைப் பூசாமல் விட்டிருக்கிறோம். 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இனி இதையும் காட்டலாம்.

கார்த்திகை மழை தாண்டியும் சுவர் உதிரவில்லை. அடியில் ஒரு சாண் உயரத்துக்கு லேசான வெண்மை வந்தது. அதை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டினால் போதும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.