லண்டன் மேயர் தேர்தல்: நானும் பக்கத்து வீட்டு அண்ணனும்

லண்டன் ஹாரோவில் ஆறு வருஷமாக இருக்கிறேன். கையில் இந்தியப் பாஸ்போர்ட்தான். இங்கே எனக்கு ஓட்டுரிமை கிடையாது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன்தான், "நீர் கொமன்வெல்த் நாட்டு ஆள்தானே தம்பி, ஓட்டுப் போடலாம், பெயரைப் பதிஞ்சுவிடும்" என்று சொல்லிப் பதியவைத்தார். அவர் அன்று சொல்லியிருக்காவிட்டால் 2024 மேயர் தேர்தலையும் வேடிக்கைதான் பார்த்திருப்பேன்.

சாதிக் கான் 2016 முதல் மேயர், மூன்றாம் முறையாக நின்றார். எதிர்த்து நின்ற சூசன் ஹால் எங்கள் ஹாரோக்காரர், இங்கே கவுன்சில் தலைவராக இருந்தவர். எங்கள் தெருவில் பேச்சு முழுக்க, புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் திட்டம் பற்றித்தான். 2023 ஆகஸ்ட் 29 முதல் கான் அதை லண்டன் முழுவதற்கும் விரிவாக்கினார். பழைய டீசல் வண்டியை வெளியே எடுத்தால் நாளுக்குப் பன்னிரண்டரை பவுண்ட். விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் போய்வந்த வேனை அண்ணன் வந்த விலைக்கு விற்றார். விரிவாக்கத்தை முதல் நாளே நீக்குவேன் என்றார் ஹால். அண்ணனின் ஓட்டு அவருக்குத்தான்.

என் மகளுக்கு வீசிங். அண்ணன் அதை 'முட்டு' என்பார். தெற்கு லண்டனில் இறந்த ஒன்பது வயது எல்லா கிஸ்ஸி-டெப்ராவின் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020-இல் மரண விசாரணை அதிகாரி சொன்னதைப் படித்ததிலிருந்து யூலெஸ் வேண்டும் என்பதில் என் மனம் மாறவே இல்லை. இருவரும் வாசலில் நின்று மணிக்கணக்காக வாதாடியிருக்கிறோம்.

மே 2, வியாழன். வேலை முடிந்து இருவரும் சேர்ந்தே போனோம். பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று சீட்டுக் கொடுத்தார்கள். மேயருக்கு மட்டும் 13 பேர். "போன முறை ரெண்டாம் விருப்பமும் போடலாம், இப்ப ஒண்டுதான்" என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். மறைப்புக்குள் ஒரு பென்சில். பெருக்கல் குறியை இரண்டு முறை அழுத்திப் போட்டேன். வெளியே வந்ததும் கை தானாக விரலைப் பார்த்தது. மை இல்லை.

வெள்ளிக்கிழமை ஹால் நெருங்கிவிட்டார் என்று ஒரே வதந்தி. சனிக்கிழமை முடிவு வந்தது: கானுக்குச் சுமார் 10.88 லட்சம், ஹாலுக்கு 8.11 லட்சம். அண்ணனிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். சாயங்காலம் அவரே கதவைத் தட்டினார்.

"சரி, அது முடிஞ்சுது. பிள்ளைக்கு முட்டு இப்ப எப்பிடி?" என்றார்.