சப்-கான்ட்ராக்டர்கள் வழியாக நுழையும் கொத்தடிமை உழைப்பைத் தடுப்பது எப்படி?

தளநிர்வாகி:
வணக்கம். எங்களுடையது நடுத்தர அளவு கட்டுமான நிறுவனம். கம்பி கட்டுவது, சென்ட்ரிங், பூச்சு, டைல்ஸ் எல்லாமே சப்-கான்ட்ராக்ட். அவர்களுக்குக் கீழே மேஸ்திரி, மேஸ்திரிக்கு ஆள் அனுப்ப ஏஜென்ட். "எங்களிடம் கட்டாய உழைப்பு இல்லை" என்று எல்லா சப்-கான்ட்ராக்டரிடமும் எழுதி வாங்கியிருக்கிறோம். அது போதாது என்கிறார் வாடிக்கையாளர். எங்கிருந்து தொடங்குவது? செங்கல், கல் போன்ற பொருட்களை எப்படிச் சரிபார்ப்பது?

கணக்குத்தணிக்கையாளர்:
வாடிக்கையாளர் சொல்வது சரிதான். ஆட்களை மடக்கி வைத்திருப்பவர்தான் அந்தத் தாளில் முதலில் கையெழுத்துப் போடுவார். பணம் போகிற வழியைப் பாருங்கள்.

சம்பளப் பட்டியலை எடுத்து வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், முகவரி இந்த மூன்றையும் வரிசைப்படுத்துங்கள். ஒரே கணக்கில் இருவர் சம்பளம் விழுந்தால் கணவன் மனைவியாக இருக்கலாம். ஏழெட்டுப் பேர் சம்பளம் விழுந்தால் அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். கணக்கு தனித்தனியாக இருந்து கைபேசி எண் மட்டும் ஒன்றாக இருந்தாலும் விடாதீர்கள், ஓடிபி எல்லாம் ஒரே ஆளுக்குப் போகிறது. கணக்கு தொழிலாளி பேரில் இருக்கும், ஏடிஎம் கார்டு மேஸ்திரி பையில் இருக்கும்.

பிறகு கேட் பதிவையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கேட்டில் 26 நாள், தினம் 11 மணி நேரம். சீட்டில் 26 நாள், 8 மணி நேரம் என்றிருந்தால் மிச்ச நேரத்துக்கான கூலி எங்கே? பிடித்தம் பகுதியில் "முன்பணம்", "தங்குமிடம்", "இதர" என்று மாதாமாதம் கழித்தும் பாக்கி குறையவில்லை என்றால் அது கடன் கொத்தடிமையின் நேரடி அறிகுறி.

ஐ.எல்.ஓ. (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) வகுத்த கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் இதுவும் ஒன்று. அடையாள ஆவணத்தைப் பிடுங்கி வைப்பது, கூலியை நிறுத்தி வைப்பது, வெளியே விடாதது, ஆசை காட்டி ஏமாற்றுவது, மிரட்டல், மிதமிஞ்சிய ஓவர்டைம் ஆகியவையும் அதில் உண்டு. சில நேரம் ஒன்றே போதும், சில நேரம் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் படம் தெரியும்.

மதிப்பீட்டாளர்:
மேலே சொன்னது வேலை தொடங்கிய பிறகு. கொட்டேஷன் வரும்போதே பாதி தெரிந்துவிடும். 1,200 சதுர மீட்டர் உட்பூச்சு என்று வையுங்கள். ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் நாளுக்கு 12 சதுர மீட்டர் முடித்தால் 100 நாள், அதாவது 200 ஆள்நாள். கேட்ட கூலித் தொகையிலிருந்து காப்பீடு, சட்டப்படி கட்ட வேண்டிய பங்களிப்பு, அவர் லாபம் இவற்றைக் கழித்து 200-ஆல் வகுங்கள். கொத்தனார், சித்தாள் இருவரின் குறைந்தபட்சக் கூலியின் சராசரிக்குக் கீழே வந்தால் விளக்கம் கேளுங்கள். வேலை வேகம் உண்மையிலேயே கூடுதலாக இருக்கலாம். விளக்கம் இல்லாமல், மலிவு என்பதற்காக எடுத்தால் நடக்கப்போவதில் நமக்கும் பங்கு உண்டு.

பில்லை 90 நாள் இழுத்தடிப்பதும் நம் பக்கத் தவறு. சப்-கான்ட்ராக்டர் உடனே கூலியை நிறுத்துவார். நிலுவையை விட்டுவிட்டுத் தொழிலாளியால் கிளம்ப முடியாது. கூலிப் பங்கை மட்டும் தனியாகப் பிரித்து 15 நாளில் கொடுங்கள், அதில் ரிடென்ஷன் (வேலை உத்தரவாதத்துக்காக நிறுத்தி வைக்கும் தொகை) பிடிக்காதீர்கள். ஒப்பந்தத்தில் இரண்டு அடுக்கு சப்-கான்ட்ராக்டுக்கு மேல் ஆள் விடத் தடை போடுங்கள். ஆள் சேர்ப்புச் செலவு முழுவதும் முதலாளி தலையில் என்றும் எழுதுங்கள். ஏஜென்ட் கமிஷன் மட்டும் அல்ல. மருத்துவப் பரிசோதனை, பயணம், திறன் தேர்வு எல்லாம் ஐ.எல்.ஓ. 2019-ல் வெளியிட்ட வரையறைக்குள் வருகின்றன.

கொள்முதல்பிரிவு:
எல்லாப் பொருளையும் ஒரே தீவிரத்தோடு பார்க்க ஆள் போதாது. செங்கல், பாவுகல், மரம், சோலார் பேனல் இந்த நான்கில் தொடங்குங்கள்.

செங்கல் சூளையில் சிக்கல் பருவத் தொடக்க முன்பணத்தில் இருக்கிறது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, பதிவேட்டில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். ஒரு ஆளால் அறுக்க முடியாத எண்ணிக்கை ஒரே பெயரில் இருந்தால் பின்னால் மனைவியும் குழந்தைகளும் பதிவில்லாமல் உழைக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தின் ஒரு பிரதி தொழிலாளியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வியாபாரி மூலம் வாங்கினாலும் சூளையின் பெயர் இல்லாத செலானை ஏற்காதீர்கள்.

சோலார் பேனலுக்கு அதன் மூலப்பொருளான பாலிசிலிக்கான் எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதுவரை ஆவணம் கேளுங்கள். சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உற்பத்தியானதைக் கட்டாய உழைப்பில் வந்ததாகவே கொள்ளும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனிலிருந்து அமலில் இருப்பதால், பெரிய தயாரிப்பாளர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

தளநிர்வாகி:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம். நேரில் கேட்டால் எல்லோரும் "பிரச்சினை இல்லை" என்கிறார்கள். உறுதியாகத் தெரிந்துவிட்டால் ஒப்பந்தத்தை உடனே ரத்து செய்யலாமா?

தொழிலாளர்நலன்:
வேண்டாம். ரத்து என்று தெரிந்த இரவே ஆட்களை வேறு தளத்துக்கு ஏற்றிவிடுவார்கள், கடனும் கூடவே போகும். மேஸ்திரியிடம் விசாரிக்கவும் வேண்டாம். பதிவுகளை நகலெடுத்துப் பத்திரப்படுத்தி, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் போலீஸுக்கும், மற்றபடி தொழிலாளர் துறைக்கோ உதவி எண்ணுக்கோ முதலில் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் சம்மதத்தோடு அடுத்த அடி வையுங்கள். தங்குமிடமும் பாக்கிக் கூலியும் உறுதியான பிறகு ஒப்பந்தத்தைப் பற்றி யோசிக்கலாம்.

"பிரச்சினை இல்லை" என்ற பதிலை மொழிபெயர்த்தது யார்? மேஸ்திரியின் ஆள் என்றால் அந்தப் பேட்டி செல்லாது. வெளியாள் மொழிபெயர்ப்பாளரோடு, தளத்துக்கு வெளியே, யார் பேசினார் என்று தெரியாதபடி பலரையும் கலந்து அழையுங்கள். "கட்டாயப்படுத்துகிறார்களா?" என்று கேட்காதீர்கள். இங்கு வர எவ்வளவு செலவானது, யாரிடம் வாங்கினீர்கள், இன்னும் எவ்வளவு பாக்கி, நாளைக்கே ஊருக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும் என்று கேளுங்கள். கடைசியாக, பாஸ்போர்ட்டையோ அடையாள அட்டையையோ எடுத்து வரச் சொல்லுங்கள். அவரே அறைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் கொண்டுவர வேண்டும். ஆபீஸ் சாவிக்குக் காத்திருந்தால் விசாரணையை அங்கிருந்து தொடங்குங்கள்.