பாட்டு போட்டு காப்பிரைட் கிளெய்ம் வாங்கியவர்கள் வாங்க, நடந்ததைச் சொல்லுங்க

நானே தொடங்குகிறேன். பயண வீடியோ ஒன்றில் பேசிக்கொண்டே நடந்தேன், எங்கேயோ தூரத்து ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டு ஓடியிருக்கிறது, என் காதில்கூட விழவில்லை. வீடியோ ஏறி முடிவதற்குள் கிளெய்ம், அதாவது "இந்தப் பாட்டு எங்களுடையது" என்ற உரிமைக் கோரல். யூடியூபில் 2007 முதல் ஓடும் கன்டென்ட் ஐடி, உரிமையாளர்கள் கொடுத்து வைத்த ஒலியோடு நம் ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். பாட்டு நாம் சேர்த்ததா, தெருவில் தானாக ஓடியதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. யூடியூப் ஸ்டூடியோ என்ற சேனல் நிர்வாகப் பக்கத்தில் பாட்டை மட்டும் அழிக்கும் வசதியைப் பயன்படுத்தினேன். என் குரலும் அந்த இடத்தில் கொஞ்சம் கரகரத்துப் போனது, ஆனால் கிளெய்ம் விலகியது.

புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்ததும் சேனலே போச்சு என்று பதறுகிறார்கள். கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்மில் பெரும்பாலும் விளம்பரப் பணம் உரிமையாளருக்குப் போகும், சில நேரம் சில நாடுகளில் வீடியோ தெரியாது. ஸ்ட்ரைக் என்பது நீக்கச் சொல்லி உரிமையாளர் சட்டப்படி எழுதிக் கொடுத்து வருவது. 90 நாளில் மூன்று சேர்ந்தால் சேனலுக்கே ஆபத்து, பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

———

நான் பியானோ வாசிப்பவள். பீத்தோவன் இறந்தது 1827இல், அவர் எழுதிய இசைக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. வாசித்தது நான், பதிவு செய்தது நான். ஆனாலும் ஒரு நிறுவனம் "இது எங்கள் ஒலிப்பதிவு" என்று கிளெய்ம் போட்டது! அதே ஸ்வரங்கள், ஏறக்குறைய அதே வேகம், எந்திரம் குழம்பிவிடுகிறது. ஜேம்ஸ் ரோட்ஸ் என்ற பெயர்பெற்ற பியானோ கலைஞருக்கே 2018இல் ஃபேஸ்புக்கில் இது நடந்தது, அவர் வாசித்தது பாக் என்ற பழைய இசையமைப்பாளரின் இசை. கிளெய்ம் தவறு என்று டிஸ்ப்யூட் (மறுப்பு) போட்டேன். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் கெடு, அவர்கள் வாயே திறக்கவில்லை, கெடு முடிந்ததும் கிளெய்ம் தானாக விலகிவிட்டது. எனக்கு எரிச்சல் தந்தது வேறு விஷயம்: டிஸ்ப்யூட்டை முதலில் விசாரிப்பது கிளெய்ம் போட்டவரேதான். ஒன்று கவனியுங்கள், கிளெய்ம் வந்த 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டால் முதல் நாளிலிருந்தே வருமானத்தை நிறுத்தி வைத்து, ஜெயிப்பவருக்குக் கொடுப்பார்கள். தாமதித்தால் டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான் கணக்கு.

அதற்காக ஏதோ ஒரு இசைக்குழு வாசித்த பீத்தோவனை இறக்கிப் போட்டுவிடாதீர்கள். இசை பொதுச்சொத்து, அந்த ஒலிப்பதிவு அவர்களுடையது.

———

பத்து வினாடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை, கீழே "உரிமை அவர்களுக்கே" என்று எழுதினால் போதும், சுருதியைக் கொஞ்சம் ஏற்றினால் மாட்டாது... எல்லாம் கதை, சகோ. வினாடிக் கணக்கில் சலுகை தரும் சட்டம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஒரு தாய், தன் குழந்தை பாடகர் பிரின்ஸின் பாட்டுக்கு ஆடிய 29 வினாடி வீடியோவை 2007இல் போட்டு, அது நீக்கப்பட்டு, வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, நீக்கச் சொல்வதற்கு முன் இது அனுமதி இல்லாமலே சட்டம் விடும் நியாயமான பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தாக வேண்டும் என்பதுதான். இத்தனை வினாடி வரை ஓகே என்று எந்தக் கோட்டையும் அது போடவில்லை.

———

எடிட்டிங்தான் எனக்குத் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். மாதச் சந்தா கட்டி இசை எடுக்கும் தளம் ஒன்றிலிருந்து ஒரு டிராக்கை முறையாக எடுத்து, வாடிக்கையாளருக்கு வீடியோ முடித்துக் கொடுத்தேன், அவர் தன் சேனலில் போட்டதும் கிளெய்ம், உடனே எனக்கு போன். விஷயம் என்னவென்றால், உரிமம் என் பெயரில், என் சேனலுக்கு. அவருடைய சேனலை அந்தத் தளத்தின் அனுமதிப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் அடங்கியது. அன்றிலிருந்து டிராக் எடுக்கும் நாளிலேயே உரிமப் பக்கத்தைச் சேமித்து, ரசீதோடு அதே ஃபோல்டரில் போட்டு வைக்கிறேன். இலவச இசைக்குத்தான் இது அதிகம் உதவும். இன்று சும்மா கொடுக்கும் இசையமைப்பாளர் நாளை அதே டிராக்கை, பாட்டுகளை இணையத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனம் வழியாக கன்டென்ட் ஐடியில் சேர்த்தால், பழைய வீடியோவுக்கெல்லாம் கிளெய்ம் வரும், அப்போது காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் (படைத்தவரே சில நிபந்தனைகளோடு இலவசமாகத் தரும் உரிமம்) என்று பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் கூடாது. பிஒய் என்றால் பெயர் போட வேண்டும், என்சி என்றால் வணிகப் பயன்பாடு கூடாது, இதெல்லாம் பலருக்குத் தெரியும். என்டி என்றால்? மாற்றித் தழுவியதை வெளியிடக் கூடாது. படத்தோடு இசையைச் சேர்ப்பதையே தழுவல் என்றுதான் அந்த உரிமம் கணக்கில் எடுக்கிறது, ஆக என்டி இசையை வீடியோவில் போடவே முடியாது. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

———

கவர், அதாவது அடுத்தவர் பாட்டைத் தன் குரலில் பாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் கிடாரில் நானே வாசித்துப் பாடியதற்கும் கிளெய்ம் வந்தது, நியாயமான கிளெய்ம்தான். ஒலிப்பதிவு என்னுடையது, மெட்டும் வரிகளும் வேறு ஒருவருடையவை. நல்லவேளை, தகுதியுள்ள சேனலாக இருந்து, மெட்டின் உரிமையாளரும் சம்மதித்திருந்தால் வருமானத்தில் ஒரு பங்கு நமக்கும் கிடைக்கும், எனக்குக் கிடைக்கிறது. வேறு யாரோ செய்த கரோக்கி டிராக்கை வைத்துப் பாடினால் அதற்கும் ஓர் உரிமையாளர் உண்டு, பங்கு கிடைப்பது கஷ்டம்.

———

தனியாக இசை வெளியிடும் ஒரு பாடகிக்கு நேராக மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். மறுநாளே சம்மதம் வந்தது, பணமும் கேட்கவில்லை. வீடியோ போட்டதும் கிளெய்ம்! அவருக்கே ஆச்சரியம், போட்டது அவருடைய விநியோக நிறுவனம். அவர் அங்கே எழுதி விலக்க வைத்தார். அதனால் இப்போது அனுமதி கேட்கும் மின்னஞ்சலிலேயே என் சேனல் இணைப்பையும் கொடுத்து, "உங்கள் விநியோகஸ்தரிடம் இதை முன்கூட்டியே அனுமதிக்கச் சொல்ல முடியுமா" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் பதில் போடுவதில்லை, அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு தேடுகிறேன்.