பைனரி லாக்கை இயக்கினால் மைஎஸ்கியூஎல் 5.7 எழ மறுக்கிறது

கேள்வி:
உபுண்டுவில் சிக்கலின்றி ஓடிவந்த டேட்டாபேஸ் சர்வரில், ரெப்ளிகா (நகல் சர்வர்) அமைப்பதற்காக பைனரி லாக்கை (டேட்டா மாற்றங்களின் பதிவை) இயக்கி, அதைத் தனி டிஸ்க்கில் உள்ள ஃபோல்டரில் எழுதும்படி கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். அதன்பின் ரீஸ்டார்ட் செய்தால் சர்வர் உடனே நின்றுவிடுகிறது. வரியை நீக்கினால் ஓடுகிறது. ஃபோல்டரின் உரிமையை மைஎஸ்கியூஎல் பயனருக்கு மாற்றியும் பயனில்லை.

மறுமொழி 1:
சர்வர் ஐடி (சர்வரை அடையாளம் காட்டும் தனி எண்) கொடுத்தீர்களா? 5.7இல் அது இல்லாமல் பைனரி லாக்கை இயக்கினால் சர்வர் தொடங்காது. 8.0இல் இயல்பாகவே 1 என்று இருப்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

கேட்டவர்:
கொடுத்துவிட்டேன். இப்போது பைனரி லாக் கோப்புகளின் பட்டியலான இண்டெக்ஸ் கோப்பைத் திறக்க முடியவில்லை, பிழை எண் 13 என்று எரர் லாக் சொல்கிறது.

மறுமொழி 2:
13 என்றால் அனுமதி மறுப்பு. முதலில் அந்த ஃபோல்டருக்கு மேலுள்ள ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய அந்தப் பயனருக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால், எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் உபுண்டுவின் பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மர்தான் தடுக்கிறது. கர்னல் லாக்கில் 'டினைடு' என்ற சொல்லோடு உங்கள் ஃபோல்டரின் பாதையும் பதிவாகியிருக்கும். ஆப்ஆர்மரையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரைகள் இணையத்தில் ஏராளம், அவற்றைக் கேட்காதீர்கள். மைஎஸ்கியூஎல்லுக்கான லோக்கல் ப்ரொஃபைலில் (ஆப்ஆர்மரின் விதிகள் உள்ள கோப்பில்) அந்த ஃபோல்டருக்கும் அதனுள் உள்ள கோப்புகளுக்கும் படிக்க, எழுத அனுமதி சேர்த்து, ப்ரொஃபைலை ரீலோட் செய்தால் போதும்.

கேட்டவர்:
ஆப்ஆர்மரேதான். சர்வர் எழுந்துவிட்டது, நன்றி.

மறுமொழி 1:
லாக் காலாவதி நாள்களையும் இப்போதே குறித்துவிடுங்கள், 5.7இல் அதன் இயல்பு மதிப்பு 0 என்பதால் பழைய கோப்புகள் தாமாக அழியாமல் டிஸ்க்கை நிரப்பிவிடும்.